‘சேவ்’ எண்டு அமத்தினால் அது எங்கே போகும்?

எங்கட பக்கத்தில் சின்ன அச்சகங்கள் ஒண்டொண்டாக மூடப்படுகின்றன. ஓஃப்செட் மெஷினை இரும்பு விலைக்குக் கொடுக்கிறார்கள். கட்டிங் மெஷினை இன்னொரு அச்சகம் வாங்குகிறது. மிஞ்சின கடதாசியை அயலிலுள்ள பள்ளிக்கூடம் கொண்டுபோகிறது. மேசைக்குக் கீழே தூசியோடு கிடக்கிற பழைய கொம்பியூட்டரை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

அதற்குள் என்ன இருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கோ. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்தின் வெள்ளிவிழா மலர், ஆரோ ஒரு ஆசிரியர் தன் சொந்தக் காசில் போட்ட கவிதைத் தொகுப்பு, கலியாணக் கார்ட், சாமத்தியவீட்டுக் கார்ட், பிறகு கல்வெட்டுகள். கல்வெட்டு எண்டு நாங்கள் சொல்வது கல்லில் வெட்டினது இல்லை எண்டு வெளியூர் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், புலம்பல் பாக்கள், கடைசிப் பக்கங்களில் ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு குடும்ப விபரம். பல வீடுகளில் எழுதி வைக்கப்பட்ட ஒரே குடும்ப வரலாறு அதுதான்.

கடந்த வருடம் அப்படி மூடப்பட்ட ஒரு அச்சகத்திலிருந்து எங்கட குழுவுக்கு ஒரு கொம்பியூட்டரும், கழட்டி வைத்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கும், பிஸ்கட் ரின் நிறைய சீடிகளும் கிடைத்தன. “உதுக்குள்ள எல்லாம் கிடக்கு பிள்ளையள், எங்க கிடக்கெண்டு மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ” எண்டு சொல்லித்தான் அச்சக ஐயா தந்தார். அவர் பகிடியாகச் சொன்னது அடுத்த நாலு மாதமும் எங்கட முழுநேரப் பிரச்சினையாக இருந்தது. கோப்புகளை இன்றைய வடிவத்துக்கு மாற்றுவது சிக்கல் எண்டு தெரிந்துதான் தொடங்கினோம். அவை எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன, மாற்றினதை எங்கே சேமிப்பது என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக வந்து நிண்டது.

முதலில் பேஜ்மேக்கர் பற்றிக் கொஞ்சம். எங்களில் பாதிப்பேர் அதை முன்னர் கண்டதே இல்லை. ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985இல் மெக்கின்டோஷுக்காக வெளியிட்ட மென்பொருள் அது. மேசையிலேயே ஒரு பக்கத்தை வடிவமைத்து அச்சுக்கு அனுப்பலாம் என்ற பழக்கத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1994இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 2001இல் வந்த 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு. அதற்கு முன்னமே, 1999இல், அடோபி இன்டிசைனை இறக்கிவிட்டது. எங்கட அச்சகங்களிலோ பேஜ்மேக்கர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஓடியது. பழகின கை, பழகின எழுத்துரு, பழைய கொம்பியூட்டரிலும் வேலை செய்யும். மாற்ற என்ன தேவை?

எழுத்துரு எண்டால் பாமினி. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பாமினி செய்தது ஒரு வேஷம் போடுகிற வேலை: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. ‘தமிழ்’ எண்டு திரையில் தெரிகிற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டுதான் கிடக்கும். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் முழுப் புத்தகமும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். கோப்புகளுக்குள் ‘யாழ்ப்பாணம்’ எண்டு தமிழில் தேடினால் ஒண்டும் அகப்படாது.

உள்ளே தேட முடியாது எண்டால் கோப்பின் பெயரையாவது நம்பலாமா எண்டு பார்த்தோம். பெயர்கள் எல்லாம் ‘கவர்’, ‘இன்னர்’, ‘நியூ’, ‘பைனல்’, ‘பைனல்2’, ‘அன்டைட்டில்ட்-1’. இது அந்த அச்சகத்தின் குறை இல்லை. கரண்ட் எப்ப நிக்கும் எண்டு தெரியாத நாட்களில் வேலை செய்த மனிதர்கள் அவர்கள். சேவ் எண்டு பெட்டி வந்தால் அது காட்டுகிற போல்டரிலேயே, வாயில் வந்த பெயரைப் போட்டு அமத்துவது தான் அப்போது புத்திசாலித்தனம். புத்தகம் அடித்துக் கட்டிக் கொடுத்துக் காசும் வாங்கினால் வேலை முடிந்தது. அந்தக் கோப்பை இருபது வருடம் கழித்து ஆரோ தேடி வருவார்கள் எண்டு எந்த அச்சகம் நினைக்கும்?

ஆக, கோப்பு எந்தப் போல்டரில் கிடக்கிறது என்பது தான் எங்களுக்கு மிஞ்சிய ஒரே தடயம். அந்தப் போல்டரைப் பெரும்பாலும் மனிதர் தெரிவு செய்யவில்லை. மென்பொருளும் வின்டோஸும் தெரிவு செய்தன.

எங்களிடம் வந்தவை மூண்டு காலத்து டிஸ்க்குகள். வின்டோஸ் 98 இருந்ததில் ‘மை டொக்கியூமென்ட்ஸ்’ போல்டர் நேரே சீ டிரைவுக்குள் இருந்தது. எக்ஸ்பி டிஸ்க்கில் அது ‘டொக்கியூமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள், பாவனையாளர் பெயருக்குள் போய்விட்டது. இந்த டிஸ்க்கை எங்கட லப்டொப்பில் கொழுவித் திறந்தபோது ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ எண்டு செய்தி வந்தது. கோப்பு அழிந்துவிட்டது எண்டு பயப்படத் தேவையில்லை. பழைய கொம்பியூட்டரின் பாவனையாளருக்கு உரிய போல்டர் அது. நிர்வாகி அனுமதியோடு ‘தொடரவும்’ எண்டு கொடுத்தால் திறக்கும். விஸ்டாவிலிருந்து அந்த இடமே மாறி ‘யூசர்ஸ்’ என்ற போல்டருக்குள் வந்தது. ஒரே ‘டொக்கியூமென்ட்ஸ்’ என்ற பெயர், மூண்டு வேறு முகவரிகள்.

மிகவும் அலைக்கழித்தது மூண்டாவது டிஸ்க், வின்டோஸ் 7 இருந்தது. சில வேலைகளைப் பேஜ்மேக்கரின் சொந்தப் போல்டருக்குள்ளேயே, ‘புரோகிராம் பைல்ஸ்’ என்பதற்குள்ளே தான் சேவ் பண்ணினது எண்டு ஐயா உறுதியாகச் சொன்னார். நாங்கள் பார்த்தால் அங்கே மென்பொருளின் கோப்புகளைத் தவிர ஒண்டும் இல்லை. “நான் என்ர கண்ணால அங்க தானே பாத்தனான்” எண்டு அவர் சொல்ல, வயது போய்விட்டது, மறந்திருப்பார் எண்டு எங்களில் சிலர் கதைத்தது உண்மை.

அவர் சொன்னது சரி. விஸ்டாவுக்குப் பிறகு, பாதுகாப்புக்காக, சாதாரண பாவனையாளர் ஓட்டுகிற மென்பொருள்கள் புரோகிராம் பைல்ஸுக்குள் எழுதுவதை வின்டோஸ் தடுத்தது. ஆனால் பழைய மென்பொருள்கள் அங்கே எழுதியே பழகினவை. அவை உடைந்து விழாமல் இருக்க வின்டோஸ் ஒரு தந்திரம் செய்தது. எழுத விடுவதுபோலக் காட்டி, கோப்பைச் சத்தமில்லாமல் பாவனையாளரின் ‘அப்டேற்றா’, அதற்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘வேர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற போல்டருக்குத் திருப்பிவிட்டது. பேஜ்மேக்கருக்குள் இருந்து பார்த்தால் கோப்பு புரோகிராம் பைல்ஸுக்குள் இருப்பதுபோலவே தெரியும். வெளியில் இருந்து பார்த்தால் அங்கே இருக்காது. அப்டேற்றா போதாக்குறைக்கு மறைக்கப்பட்ட போல்டர். மறைந்தவற்றைக் காட்டு எண்டு சொல்லித் திறந்தபோது வேர்ச்சுவல்ஸ்டோருக்குள் ஒரு முழு வருடத்து வேலை கிடந்தது. உங்களிடம் பழைய மென்பொருள் ஓடின வின்டோஸ் 7 கொம்பியூட்டர் இருந்தால், அதை விற்க முன்னம் இந்த ஒரு இடத்தைப் பாருங்கோ.

கண்டுபிடித்தாயிற்று, இனி மாற்றவேண்டும். வழிகள் அதிகம் இல்லை. இன்டிசைன் பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையான கோப்புகளைத் திறக்கும். ஆனால் சீஎஸ்6 வரைக்கும் தான். இப்போது மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிற இன்டிசைன் திறக்காது. இலவசமான லிப்ரேஒபிஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளை ட்ரோ பகுதியில் திறக்கிறது. பக்க அமைப்பு அச்சொட்டாக வரும் எண்டு சொல்ல முடியாது, எழுத்து வரும். எங்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஒரு நண்பரின் வேலையிடத்தில் உரிமத்தோடு இருந்த பழைய சீஎஸ்6இல் முக்கியமானவற்றைத் திறந்தோம். மிச்சத்தை லிப்ரேஒபிஸில் மொத்தமாக மாற்றினோம்.

லிப்ரேஒபிஸுக்குத் திரை இல்லாமல், கட்டளை வரியில் ஒரே அடியில் நூறு கோப்புகளை பீடிஎஃப் ஆக்குகிற வசதி இருக்கிறது. அதற்கும் ஒரு இயல்பு உண்டு. வெளியீட்டுப் போல்டர் எது எண்டு நாங்கள் சொல்லாவிட்டால், எந்தப் போல்டரில் நிண்டு கட்டளையை அடித்தோமோ அங்கேயே எல்லாவற்றையும் போடும். சொன்னால், சொன்ன இடத்தில் போடும். இரண்டு விதத்திலும் எல்லாம் ஒரே போல்டருக்குள் வந்து விழும்.

மொத்தமாகத் தொடங்க முன்னம் பத்துக் கோப்புகளைப் பிரதி எடுத்துச் சோதித்தோம். வெளியே வந்த பீடிஎஃப் ஐந்து. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பத்தில் நாலின் பெயர் ‘கவர்’, மூண்டின் பெயர் ‘இன்னர்’. இரண்டாவது ‘கவர்’ வந்தபோது முதலாவதின் மேல் ஏறிக் குந்தியது, மூண்டாவது இரண்டாவதின் மேல். லிப்ரேஒபிஸ் அந்த இடத்தில் ‘மேலெழுதவா?’ எண்டு கேட்பதில்லை. பத்துக் கோப்பில் எண்ணிப் பார்த்தால் தெரிகிறது. ஆயிரத்தில் ஆர் எண்ணுவது?

இந்தச் சோதனை எங்கட வேலையின் போக்கையே மாற்றியது. ‘கவர்’ என்ற பெயர் ஒண்டும் சொல்லாது. அது கிடந்த போல்டரின் பெயர் தான், ஊர், வீட்டுப் பெயர், மாதம் எண்டு எல்லாவற்றையும் சொல்லும். கோப்பை மட்டும் தூக்கிப் புது இடத்தில் வைத்தால், இறந்தவர் ஆர் எண்டு தெரியாத ஒரு கல்வெட்டு அட்டை தான் மிஞ்சும். ஆகவே பழைய டிஸ்க்கின் போல்டர் அமைப்பு முழுவதையும் அப்படியே இன்னொரு இடத்தில் கட்டி, ஒவ்வொரு பீடிஎஃப்பும் தன் மூலக்கோப்பு இருந்த அதே வழியில் போய் உட்காரும்படி ஒரு சின்னப் பைதன் நிரல் எழுதினோம். கூடவே ஒரு அட்டவணை: பழைய முழு முகவரி, கடைசியாக மாற்றிய திகதி, புது முகவரி. திகதியைத் தனியாக எழுதி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பழைய கோப்பை ஒருமுறை திறந்து ‘சேவ்’ பண்ணினாலே 2003 என்பது இன்றைய திகதி ஆகிவிடும். அந்தப் புத்தகம் எப்போது அடித்தது எண்டு சொல்ல வேறு சாட்சி இருக்காது.

இன்டிசைனில் இன்னொரு கதை. அது பேஜ்மேக்கர் கோப்பை மாற்றித் திறக்கும்போது அதைச் சேமிக்கப்படாத புதுக் கோப்பாகத் தான் வைத்திருக்கும். சேவ் கொடுத்தால் எங்கே எண்டு கேட்கும். பெரும்பாலும் கடைசியாகப் பாவித்த போல்டரைக் காட்டும். ஒரு குடும்பத்தின் கல்வெட்டை மாற்றி முடித்து அடுத்த குடும்பத்தின் கோப்பைத் திறந்தால், பெட்டி இன்னமும் முதல் குடும்பத்தின் போல்டரிலேயே நிற்கும். இரண்டு பேராக இருந்து செய்வது எண்டு முடிவெடுத்தோம். ஒருவர் மவுஸ், மற்றவர் முகவரியைச் சத்தமாக வாசிப்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரு கோப்பும் இடம் மாறவில்லை.

இதற்கிடையில் ஒரு அக்கா எங்களைத் தேடி வந்தா. வன்னியில் பிறந்து வளர்ந்தவ. அவவின் அப்பப்பாவின் கல்வெட்டு 2003இல் இந்த அச்சகத்தில் தான் அடித்தது. ஏ9 பாதை முந்தின வருடம் தான் திறந்திருந்தது. தகப்பன் பஸ்ஸில் வந்து அச்சடித்துக் கொண்டுபோனாராம். வீட்டில் இருந்த பிரதிகள் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. தகப்பனும் இப்போது இல்லை. “படம் ஒண்டும் இல்லை தம்பி. அவற்ர முகம் எனக்கு அரைவாசி தான் ஞாபகம்” எண்டு சொன்னா.

எக்ஸ்பி டிஸ்க்கில் போல்டர் கிடைத்தது. ஊர்ப் பெயர் சரி, மாதம் சரி. இன்டிசைனில் திறந்தோம். வாழ்க்கைக் குறிப்பு இருந்தது, குடும்ப விபரம் இருந்தது. முதற்பக்கத்தில், பூ வேலைப்பாடு போட்ட சட்டத்துக்குள், கலியாணக் கோலத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தா.

என்ன நடந்தது எண்டு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பேஜ்மேக்கர் பெரிய படங்களைக் கோப்புக்குள் முழுதாக வைத்துக்கொள்ளாமல் விடலாம். அப்படி விட்டால், படம் எங்கே கிடக்கிறது என்ற முகவரியையும், திரையில் காட்ட ஒரு மங்கலான சின்னப் பிரதியையும் மட்டும் தான் வைத்திருக்கும். அச்சகத்து ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தன் இயல்பான போல்டரில், ‘இமேஜ்1’ என்ற இயல்பான பெயரில் போட்டிருக்கிறது. பிறகு ஒரு நாள் ஆரோ ஒரு மணப்பெண்ணின் படம் வந்தது. அதுவும் இமேஜ்1. அப்பப்பாவின் படம் அதற்குக் கீழே போய்விட்டது. இன்டிசைன் முகவரியைப் பார்த்தது, அங்கே இப்போது இருப்பதைக் கொண்டுவந்து சட்டத்துக்குள் போட்டது. அதன் கணக்கில் எல்லாம் சரி.

நாங்கள் செய்யக்கூடியது ஒண்டு தான் மிஞ்சியிருந்தது. மூலக்கோப்பின் ஒரு பிரதியை, அந்தப் படப் போல்டர் கொழுவப்படாத இன்னொரு பழைய கொம்பியூட்டரில், பேஜ்மேக்கரிலேயே திறந்தோம். படம் காணவில்லை எண்டு கேட்டது. தேடவேண்டாம் எண்டு கொடுத்தோம். சட்டத்துக்குள் அந்த மங்கலான சின்னப் பிரதி வந்தது. கட்டம் கட்டமாக, கறுப்பு வெள்ளையில், ஒரு வயதான மனிதர். நெற்றியில் திருநீறு எண்டு சொல்லலாம், கண்ணாடி போட்டிருக்கிறார் எண்டு சொல்லலாம். அதற்கு மேல் தெரியாது.

அக்கா கனநேரம் பார்த்தா. பிறகு, “காது அவற்ர காது தான்” எண்டா. இப்போதிருக்கிற செயலிகளைக் கொண்டு அதைத் தெளிவாக்கித் தரட்டா எண்டு எங்களில் ஒருவர் கேட்டார். “வேண்டாம், அது வேற ஆரோ ஆகிடும்” எண்டு சொல்லிவிட்டு, குடும்ப விபரப் பக்கத்தை மட்டும் நாலு பிரதி அச்செடுத்துக் கொண்டு போனா. அந்த மணப்பெண்ணின் படத்தை நாங்கள் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அவவின் குடும்பமும் எங்கேயோ இருக்கும்.

பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றுகிற வேலை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். பாமினியில் ‘கொ’ எண்டு அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. யூனிகோட்டில் ககரம் தான் முன்னுக்கு வரும். ஆகவே ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து எண்டு மாற்றினால் சொல் உடையும். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றவேண்டும். மற்றது, ஒரே பக்கத்தில் உண்மையான ஆங்கிலமும் இருக்கும்: லண்டனில் இருக்கிற மகனின் முகவரி, கனடாத் தொலைபேசி விபரம். எந்த வரி எந்த எழுத்துருவில் இருக்கிறது எண்டு பார்க்காமல் மாற்றினால் மகனின் முகவரி தமிழ்க் குழம்பாகிவிடும்.

இதைச் செய்ய விரும்புகிற ஆட்களுக்கு எங்கட அனுபவத்தில் இருந்து சில சொல்கிறோம். முதலில் டிஸ்க் முழுவதையும் பிரதி எடுங்கோ, மூலத்தில் கை வைக்கவேண்டாம். ‘பி65’, ‘பிஎம்டி’ எண்டு முடிகிற கோப்புகளை டிஸ்க் முழுக்கத் தேடுங்கோ, மறைந்த போல்டர்களையும் சேர்த்து. படங்களையும் எழுத்துருக்களையும் அவை கிடந்த இடத்தோடேயே எடுங்கோ. மென்பொருள் காட்டுகிற போல்டரை ஏற்க முன்னம் ஒருமுறை வாசியுங்கோ. லிப்ரேஒபிஸின் தெரிவுகளில் ‘பாதைகள்’ என்ற பகுதியில் அந்த இயல்பான போல்டரை நீங்களே மாற்றலாம். மாற்றினதை எண்ணுங்கோ: உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை.

இது பழைய கொம்பியூட்டர்களின் கதை மட்டும் எண்டு நினைக்கவேண்டாம். இன்று உங்கட லப்டொப்பில் ‘டொக்கியூமென்ட்ஸ்’ எண்டு தெரிவது உண்மையில் வன்ட்ரைவுக்குள் இருக்கலாம். இலவசக் கணக்குக்கு அங்கே 5 ஜீபி தான். கணக்கின் கடவுச்சொல் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் எண்டால், உங்களுக்குப் பிறகு அந்தப் போல்டரை ஆர் திறப்பார்? அச்சகத்து டிஸ்க்கையாவது கழட்டிக் கொண்டுவரக் கூடியதாக இருந்தது.

கிடைத்தவற்றை எல்லாம் இணையத்தில் போடுங்கோவன் எண்டு பலர் கேட்கிறார்கள். மலர்களையும் சஞ்சிகைகளையும், வெளியிட்டவர்களின் சம்மதம் கிடைத்தால், நூலகம் போன்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்பதில் எங்களுக்குச் சந்தோசம். 2005இலிருந்து அவர்கள் அந்த வேலையைச் செய்து வருகிறார்கள். கல்வெட்டுகளை அப்படி முடிவெடுக்க முடியவில்லை. அவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள், முறைகள், ஊர்கள் இருக்கின்றன. சில குடும்பங்களுக்கு அந்தப் பட்டியல் வெளியில் வருவது ஆபத்தாகக் கூட இருக்கலாம். இப்போதைக்குக் குடும்பத்தவர் கேட்டு வந்தால் கொடுக்கிறோம், மிச்சம் இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கின்றன. இது சரியான முடிவா எண்டு எங்களுக்குள்ளேயே இன்னமும் வாக்குவாதம் நடக்கிறது.

உங்கட ஊரில் ஒரு அச்சகம் மூடப்போகிறது எண்டு கேள்விப்பட்டால், மெஷின் ஏற்ற லொறி வர முன்னம் போய் மேசைக்குக் கீழே இருக்கிறதைக் கேளுங்கோ. அதில் வேலை செய்தவரிடமும் ஒரு மணித்தியாலம் இருந்து கதையுங்கோ. எந்தப் போல்டரில் சேவ் பண்ணினவர் எண்டு அவருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ஒண்டும் தெரியாவிட்டாலும் அவர் சொல்வதை நம்புங்கோ.